சுற்றி வரும்வரை யோசி: கொங்கில் ஆறு நாள் சைமல்

ஜூலை 18, 2025, வெள்ளி. பவானி

காலை ஆறரைக்கு ஈரோட்டிலிருந்து கிளம்பினோம். நான், என் சித்தப்பா மகன், அவனுடைய ஆம்னி வேன், பின்சீட்டை மடக்கிப் போட்டு அடுக்கிய 40 செட் காய்கள். ஆடி முதல் வெள்ளி என்பதால் கூடுதுறைப் பக்கம் காலையிலேயே கூட்டம், பாலத்தைத் தாண்டவே அரை மணி நேரம் ஆகிவிட்டது.

சைமல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: சதுரங்கத்தில் ஒருவர், எதிரே பல பேர். மேசைகளை ப வடிவத்தில் போட்டு, ஆடுபவர்கள் வெளிப்பக்கம் உட்கார்ந்துகொள்வார்கள், நான் உள்பக்கமாக நடந்துகொண்டே ஒவ்வொரு போர்டிலும் ஒரு நகர்வு வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவேன். பெரும்பாலும் சைமல் கொடுப்பவருக்கு எல்லா போர்டிலும் வெள்ளை. நான் கிராண்ட்மாஸ்டர் கிடையாது, 2000 ரேட்டிங்கை ஒட்டி நிற்கிற ஒரு கோச். ஆனால் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு கிராண்ட்மாஸ்டர்தான் வரவேண்டும் என்று காத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பள்ளியை முடித்து வேலைக்கே போய்விடுவார்கள். அதனால்தான் வருடா வருடம் ஜூலை 20, சர்வதேச சதுரங்க தினத்தை ஒட்டி இப்படிச் சுற்றுகிறேன்.

இன்று 32 போர்டு. போனதும் முதல் வேலை போர்டுகளைச் சரிபார்ப்பது. வலதுகைப் பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் வரவேண்டும். நாலு போர்டு திரும்பியிருந்தது, மூன்றில் ராஜாவும் ராணியும் இடம் மாறியிருந்தார்கள். பள்ளியின் சொந்த செட் ஒன்றில் ஒரு கருப்பு சிப்பாயைக் காணோம், அங்கே சோடா மூடி உட்கார்ந்திருந்தது. அதை மாற்றப் போனேன், அந்தப் பையன் விடவில்லை. "அது நல்லா ஆடுங் மிஸ்." சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிள்ளைகளிடம் விதி சொன்னேன். நான் உங்கள் முன்னால் வந்து நின்ற பிறகுதான் காயை நகர்த்த வேண்டும், அதற்கு முன்னால் தொடக்கூடாது. நகர்த்தி வைத்துவிட்டால் நான் எதை நகர்த்தினீர்கள் என்று தேட வேண்டியிருக்கும், 32 போர்டில் அப்படித் தேடினால் சாயங்காலம் ஆகிவிடும். பக்கத்தில் பேசக்கூடாது. யோசனை முடியவில்லை என்றால் "பாஸ்" சொல்லலாம், என் வழக்கப்படி ஒருவருக்கு இரண்டு முறை. தோற்றால் கை கொடுத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள், எழுந்து ஓடாதீர்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். போர்டுக்கு 8 நொடி என்று வைத்தால் 32 போர்டைச் சுற்ற நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு நகர்வுக்கும் நாலு நிமிடம். போனில் இவர்கள் ஆடுகிற ஒரு ஆட்டம் முழுவதற்குமே மூன்று நிமிடம்தான்! இங்கே ஒரே ஒரு நகர்வை வைத்துக்கொண்டு நாலு நிமிடம் என்ன செய்வது என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஐந்தாவது போர்டுப் பையன் நான் நகர்ந்த இரண்டு நொடியில் முடிவெடுத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போனதும் பட்டென்று வைப்பான். மூன்று சுற்றில் ஒரு குதிரையும் ஒரு சிப்பாயும் போய்விட்டன. நாலாவது சுற்றில் அவனிடம் மெதுவாகச் சொன்னேன். "கண்ணு, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு அது மேல உக்காந்துக்கோ. நான் சுத்தி வர வரைக்கும் எடுக்காத." அப்படியே செய்தான். அடுத்த சுற்றில் போனபோது முகமே வேறாக இருந்தது. என் பிஷப்பை ஒரு சிப்பாயால் விரட்டினான், அதற்கடுத்த சுற்றில் அதைப் பிடித்தே விட்டான். கடைசியில் தோற்றான், ஆனால் 37 நகர்வு தாங்கினான். நான் இந்த வேலையைச் செய்வதே அந்த முகத்துக்காகத்தான்.

ஒரு போர்டில் தோற்றேன். ஒன்பதாம் வகுப்புப் பெண், வீட்டில் ஜமுக்காளத் தறி. என் ராஜாவுக்கு முன்னால் மூன்று சிப்பாய்களும் அப்படியே நிற்க, ராஜா தப்பிக்க நான் ஒரு ஜன்னல் திறந்து வைக்கவில்லை. அவள் யானை (நம் பக்கத்தில் ரூக் என்றால் யானைதான்) கடைசி வரிசைக்கு இறங்கி மேட். வேகமாக நடக்கிறபோது வருகிற தவறுதான், ஆனால் அதைப் பார்த்து மூன்று சுற்றாக வலை பின்னியவள் அவள். ராஜாவைச் சாய்த்துவிட்டு அவள் ஸ்கோர் ஷீட்டில் (நகர்வுகளை எழுதிவைக்கும் தாள்) கையெழுத்துப் போட்டேன். அப்புறம் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். 1925இல் லெனின்கிராடில் அப்போதைய உலக சாம்பியன் கபாபிளாங்கா சைமல் கொடுத்தார், அதில் 14 வயதுப் பையன் ஒருவன் அவரைத் தோற்கடித்தான், அந்தப் பையன்தான் 1948இல் உலக சாம்பியன் ஆன போத்வின்னிக். அவள் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு ஸ்கோர் ஷீட்டின் பின்னால் எழுதிக்கொண்டாள்.

30 வெற்றி, 1 டிரா, 1 தோல்வி. இரண்டே முக்கால் மணி நேரம். மதியம் பள்ளியிலேயே அரிசிம்பருப்புச் சோறு, மேலே ஒரு கரண்டி நெய். இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 19, சனி

இன்றைக்கு ஊர் பெயரும் பள்ளியின் பெயரும் எழுதப்போவதில்லை.

30 போர்டு என்று பேசியிருந்தோம். போனால் 60 போர்டு. எட்டரைக்கு ஆரம்பம் என்றார்கள், பத்தரை மணி வரைக்கும் குத்துவிளக்கு, வரவேற்பு, பொன்னாடை, மூன்று உரைகள். பிள்ளைகள் அத்தனை நேரமும் காய்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆரம்பிக்கப்போகும் நேரத்தில் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, "பதினொன்னே முக்காலுக்கு முடிச்சுக் குடுத்துருங்க மேடம், போட்டோ எடுத்துட்டுப் பஸ்சு கிளம்போணும்" என்றார்.

60 போர்டு, ஒன்றுக்கு 5 நொடி என்று ஓடினாலும் ஒரு சுற்றுக்கு 5 நிமிடம். 70 நிமிடத்தில் 14 சுற்று. 14 நகர்வில் என்ன ஆட்டம் முடியும்? குதிரை எப்படிப் போகும் என்றே தெரியாத பிள்ளைகளையும் எண்ணிக்கைக்காக உட்கார வைத்திருந்தார்கள், அவர்களுக்கு ஆட்டம் ஐந்தாறு சுற்றிலேயே முடிந்தது. தோற்பதை விடுங்கள், எதற்குத் தோற்றோம் என்று தெரியாமல் எழுந்து போவது கொடுமை. நான் நின்று சொல்லவும் நேரமில்லை.

கபாபிளாங்கா 1922இல் கிளீவ்லாந்தில் 103 பேருடன் ஆடினார், 102 வெற்றி, ஒரே ஒரு டிரா. எல்லோரும் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள். அதற்கு அவருக்கு ஏழு மணி நேரம் ஆனது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2011இல் தெஹ்ரானில் ஈரானிய கிராண்ட்மாஸ்டர் கயீம் மகாமி 604 பேருடன் ஆடியபோது 25 மணி நேரம் ஆனது. எண்ணிக்கையைக் கூட்டினால் நேரத்தையும் கூட்டித்தான் ஆகவேண்டும், எதிரே உட்கார்ந்திருப்பவன் யோசிக்கும் நேரம் அதற்குள்தான் இருக்கிறது.

மணி அடித்தது. இன்னும் 23 போர்டில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. "மிச்சமெல்லாம் டிரான்னு போட்டுரலாம்" என்றார்கள். ஒரு பெண் ஒரு குதிரை கூடுதலாக வைத்துக்கொண்டு என்னை நெருக்கிக்கொண்டிருந்தாள், அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குக் கோபத்தில் தொண்டை அடைத்துவிட்டது. ஒருவரையும் எழ விடாமல் 23 நிலைகளையும் போனில் படம் எடுத்தேன், ஒவ்வொரு படத்துக்கும் அந்தப் பிள்ளையின் போர்டு எண். பி.டி. மாஸ்டர் நல்ல மனிதர். அவர் போனுக்கு நான் நகர்வை அனுப்ப, அவர் பிள்ளைகளிடம் காட்டி பதிலை எனக்கு அனுப்ப, ஒரு நாளைக்கு ஒரு நகர்வாக எல்லா ஆட்டமும் நடக்கும் என்று பேசிக்கொண்டோம். சத்தமாகப் பிள்ளைகளுக்கும் சொன்னேன். அந்தக் குதிரைப் பெண், "ஒரு நாளைக்கு ஒண்ணுதானுங்களா மிஸ்?" என்றாள். ஆமாம் கண்ணு, ஒரு நாள் முழுக்க யோசி என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு. திருப்பூர்

1924இல் இதே நாளில்தான் பாரிஸில் உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே தொடங்கப்பட்டது. திருப்பூரில் ஒரு மாடி அறையில் இயங்கும் கிளப். கீழே பனியன் மூட்டைகள், படிக்கட்டு முழுக்கப் புதுத்துணி வாசனை. இங்கே வருபவர்கள் பெரியவர்கள், பெரும்பாலும் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு.

இவர்களுடன் சாதாரண சைமல் போதாது, அதனால் கடிகார சைமல், எட்டு போர்டு. ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு கடிகாரம், எனக்கும் அவர்களுக்கும் சமமாக 90 நிமிடம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நான் ஒன்றாவது போர்டில் நின்று யோசிக்கும்போது, இரண்டிலிருந்து எட்டு வரை யாரெல்லாம் நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினார்களோ அத்தனையிலும் என் நேரம்தான் ஓடும். எட்டு வீட்டில் ஒரே நேரத்தில் தண்ணீர்க் குழாய் திறந்துவிட்டது போல. அவர்கள் எனக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, நான் வருவதற்கு முன்பே நகர்த்திவிடலாம். பள்ளிக்கூட சைமலில் நேரம் பிள்ளைகளுக்குச் சொந்தம் என்றால், இதில் மொத்த நெருக்கடியும் எனக்கு. முன்னாள் உலக சாம்பியன் கேஸ்பரோவ் 90களில் தேசிய அணிகளுடன் ஆடியது இப்படித்தான்.

மூன்றாவது போர்டில் ஒரு கட்டிங் மாஸ்டர், ஐம்பது வயதிருக்கும். மெதுவாக ஆடினார், தொட்டால் தயங்காமல் வைத்தார். டச் மூவ் விதியை (தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும்) பற்றிப் பேச்சு வந்தபோது சொன்னார்: "துணிய அடுக்கு அடுக்கா விரிச்சு மிசின உள்ள உட்டுட்டா திருப்பி எடுக்க முடியாதுங்க. ஒரு இஞ்ச் தப்புன்னா அத்தன பீஸும் போச்சு. அதனால கைய வெக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பாத்துருவனுங்க." நான் இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்ல முயன்றுகொண்டிருப்பதை இவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். ஆட்டத்திலும் அப்படித்தான், எனக்கு ஒரு சின்ன ஓட்டை கூடக் கொடுக்கவில்லை. டிரா.

ஏழாவது போர்டில் ஒடிசாவிலிருந்து வந்து இங்கே செக்கிங்கில் வேலை பார்க்கும் இளைஞர். தமிழ் ஆறு மாதத் தமிழ். ஆனால் ஆட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. கேரோ கான் என்ற தொடக்கத்தை ஆடினார், நடு ஆட்டத்தில் என் c சிப்பாயைக் குறிவைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். எனக்கு அங்கே 6 நிமிடம்தான் மிச்சம், மற்ற இடங்களில் ஓடிவிட்டு வருவதற்குள் நேரம் தீர்ந்து கொடி விழுந்துவிட்டது. நிலையும் அவருக்குத்தான் நன்றாக இருந்தது, அதனால் வருத்தமில்லை. ஆட்டம் முடிந்த பிறகு இருவரும் காய்களைத் திருப்பி வைத்துக் கையால் காட்டிக்காட்டிப் பேசினோம், அரை மணி நேரம். நான் தமிழில், அவர் பாதி இந்தியில், இடையிடையே "நல்லா இல்லை", "இது நல்லா".

4 வெற்றி, 3 தோல்வி, 1 டிரா. மூன்று மணி நேரத்துக்குள் இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்திருப்பேன்.

ராத்திரி அறைக்கு வந்து போனைத் திறந்தால் பி.டி. மாஸ்டர் 23இல் 19 பதில்கள் அனுப்பியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பள்ளி இல்லாதபோதும் வீடு வீடாகப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். அந்தக் குதிரைப் பெண்ணின் பதில் சரியான பதில். ஜார்ஜியா நாட்டில் படூமியில் பெண்கள் சதுரங்க உலகக் கோப்பை நடக்கிறது, நம் பெண்கள் நாலு பேர் காலிறுதிக்கு வந்தார்கள். வைஷாலி இன்று தோற்று வெளியேறிவிட்டார் என்பதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தூக்கம் வரவில்லை.

ஜூலை 21, திங்கள். தாராபுரம்

திருப்பூரிலிருந்து காங்கேயம் வழி. காங்கேயம் தாண்டியதும் காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ள ஆரம்பித்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, ஆடியில் இந்தப் பக்கமெல்லாம் இதுதான் நிலைமை, காற்றாலைகளை இங்கே நட்டு வைத்திருப்பதும் இதை நம்பித்தான்.

பெண்கள் பள்ளி. வகுப்பறைகள் சின்னவை என்று வேப்பமரத்தடியில் 28 போர்டு போட்டிருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ரோல் போர்டின் நாலு மூலையிலும் கல் வைத்தோம். பத்தாவது சுற்று வரை சமாளித்தோம். அப்புறம் ஒரே ஒரு வீச்சு, மேற்கு வரிசையில் காய்கள் மொத்தமும் மண்ணில், மூன்று போர்டு பறந்து சைக்கிள் ஸ்டாண்டில் போய் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் கத்திக்கொண்டே காய் பொறுக்கினார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் ஸ்கோர் ஷீட்டின் அருமை எல்லோருக்கும் புரிந்தது. ஒழுங்காக எழுதியிருந்த 11 பேர் முதல் நகர்விலிருந்து வைத்துப் பார்த்து, விட்ட இடத்துக்கு ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார்கள். எழுதாதவர்கள் "மிஸ், என் ராணி இங்கதான் இருந்துச்சு", "இல்ல மிஸ், இவ பொய் சொல்றா" என்று ஒரே பஞ்சாயத்து. எனக்கு நினைவிருந்த ஐந்தாறு போர்டை வைத்துக் கொடுத்தேன், மற்றதெல்லாம் புதிதாக ஆரம்பம். எழுதுவது எதற்கு என்று நான் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தாலும் காதில் ஏறியிருக்காது, காற்று ஒரு நொடியில் எடுத்துவிட்டது. இனிமேல் கொங்கில் ஆடி மாதம் வெளியில் சைமல் வைக்கிறவர்கள் காந்த போர்டு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது உள்ளே வையுங்கள்.

கடைசியில் ஒரே ஒரு போர்டு மிஞ்சியது. பத்தாம் வகுப்புப் பெண். எனக்கு ராஜா, யானை, ஒரு சிப்பாய். அவளுக்கு ராஜாவும் யானையும். சைமலில் இந்தக் கட்டம்தான் பிள்ளைகளுக்கு ரொம்பக் கஷ்டமானது, ஏனென்றால் மற்ற போர்டுகள் முடிந்துவிட்டால் நான் சுற்றுவதற்கே ஒன்றுமில்லை, அவள் முன்னாலேயே நிற்பேன், அவளுக்கு இதுவரை கிடைத்த நாலு நிமிடம் திடீரென்று நாலு நொடி ஆகிவிடும். வலுவான பிள்ளைகள் அங்கேதான் கோட்டை விடுவார்கள். இவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். "மிஸ், நீங்க ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

நான் சுற்றினேன். காலியான 27 போர்டுகளையும் ஒவ்வொன்றாக நின்று நின்று சுற்றிவிட்டு வந்தேன். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரிக்கவே இல்லை, அமைதியாக வழிவிட்டார்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு சுற்று.

அவள் யானையை ஆறாவது வரிசையிலேயே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தாள், என் ராஜா அந்த வரிசைக்கு ஏறவே முடியவில்லை. வேறு வழியில்லாமல் சிப்பாயை ஆறாவது வரிசைக்குத் தள்ளினேன். அடுத்த சுற்றில் வந்தபோது அவள் யானையை முதல் வரிசைக்கு, என் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். அங்கிருந்து செக், செக், செக். என் ராஜா ஒதுங்கியிருக்க வேண்டிய கட்டத்தில் என் சிப்பாயே போய் நிற்கிறது. டிரா. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் பிலிடோர் காட்டிக்கொடுத்த வழி இது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "யாருமில்லீங் மிஸ். சிப்பாய் ஏறுனா உங்க ராஜாவுக்கு எடமில்லன்னு தோணுச்சு." பெயர் தெரியாமலேயே பிலிடோரை அவள் கண்டுபிடித்துவிட்டாள். நாலு நிமிடம் கொடுத்ததால் கண்டுபிடித்தாள்.

சாயங்காலம் அந்தப் பள்ளியின் ஆசிரியைகளோடு உட்கார்ந்து உலகக் கோப்பைக் காலிறுதியில் ஹரிகா, திவ்யா மோதிய டைபிரேக்கைப் போனில் பார்த்தோம். திவ்யா ஜெயித்தார். யார் ஜெயித்தாலும் ஒருத்தி போகத்தானே வேண்டும் என்று ஒரு டீச்சருக்கு மனசே ஆறவில்லை.

ஜூலை 22, செவ்வாய். பொள்ளாச்சி

உடுமலை வழியாக வந்து சேர்ந்தோம். லேசான சாரல். 25 போர்டு, 25 வெற்றி, சொல்ல அதிகமில்லை. பிள்ளைகளில் பலர் இந்த ஜூன் மாதம்தான் ஆட ஆரம்பித்தவர்கள், அதனால் முடிந்த பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு நகர்வை மட்டும் திருப்பி வைத்துக் காட்டினேன், அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது.

பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஒரு அப்பாரு கடைசி வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் துண்டு, கையில் இரண்டு இளநீர், ஒன்று எனக்கு. "அம்மணி, சிப்பாய எதுக்கு ரெண்டு ரெண்டு கட்டம் தாட்டறீங்க? எங்க காலத்துல ஒரு கட்டந்தான். ராஜா ஒரு தடவ குதிர மாதிரித் தாண்டிக்குவாரு, அதோட சரி." எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. நம் ஊர்ப் பழைய சதுரங்கம் அதுதான். சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தும் கேஸ்லிங் கிடையாது, அதற்குப் பதில் செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரை போலத் தாண்டலாம். படித்திருக்கிறேன், ஆடியவரைப் பார்த்ததில்லை.

அவருடன் அதே விதியில் ஒரு ஆட்டம் ஆடினேன். ஆரம்பமே வேறு மாதிரி இருக்கிறது. சிப்பாய்கள் நடுவில் மோதிக்கொள்ளவே ஏழெட்டு நகர்வு ஆகிவிடுகிறது, அதற்குள் இரண்டு பேரும் நிதானமாகப் படையை அடுக்கிக்கொள்ளலாம். அவர் ராஜா குதிரைத் தாண்டல் தாண்டி மூலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பேத்தி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வருடமாகக் காயைத் தொடவில்லை என்றார், தோட்டத்துக் களத்தில் கரியால் கட்டம் போட்டு ஆடியதாம். இருட்டிவிட்டதால் பாதியில் நிறுத்தினோம். அந்த நிலையைப் பேத்தியை வைத்து எழுதி வாங்கிக்கொண்டேன், 24ஆவது ஆட்டமாக அதுவும் பி.டி. மாஸ்டர் வழிமுறையில் தொடரும், இங்கே தபால்காரி பேத்தி.

ஜூலை 23, புதன். கோவை

பொள்ளாச்சியிலிருந்து 40 கிலோமீட்டர். இந்த ஊருக்குள் நுழையும்போதெல்லாம் ஒன்று ஞாபகம் வரும். 1988இல் கோவையில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் சர்வதேசப் போட்டியில் ஜெயித்துத்தான் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அப்போது அவருக்கு 18 வயது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோதும் அதே 18. சென்னைப் பிள்ளைகளுக்கு எல்லாம் கிடைக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்ளும் கொங்குப் பெற்றோரிடம் இதைச் சொல்வேன், அந்த முதல் பட்டம் நம் மண்ணில் வாங்கியது.

இன்று பார்வையற்ற மாணவர்கள், 12 போர்டு. ஆறு நாளில் எனக்கு அதிகம் பயம் இருந்தது இதற்குத்தான், ஏனென்றால் நான் பழகிய முறை எதுவும் இங்கே செல்லாது.

அவர்களிடம் அவரவருக்கு ஒரு தனி போர்டு. கருப்புக் கட்டங்கள் கொஞ்சம் உயர்ந்திருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை, காயின் அடியில் ஒரு முளை. கருப்புக் காய்களின் தலையில் சின்னக் குத்து இருக்கும், விரல் பட்டதும் நிறம் தெரியும். தொட்டுப் பார்ப்பது டச் மூவ் ஆகாது, துளையிலிருந்து தூக்கினால்தான் ஆகும். என் பக்கம் சாதாரண போர்டு. நகர்வை வாயால் சொல்ல வேண்டும், அவர்கள் திருப்பிச் சொல்லித் தங்கள் போர்டில் வைத்துக்கொள்வார்கள். d, e, b என்று எழுத்தைச் சொன்னால் காதில் ஒன்றுபோல விழும் என்பதால் அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்தவ், ஹெக்டர் என்று பெயர்கள், இது உலகம் முழுக்க ஒன்றுதான். "ஈவா 4" என்றேன். முதல் போர்டிலிருந்து பதில் வந்தது: "ஈவா 4ங்களா மிஸ்? சரிங்க. எனக்கு ஈவா 5ங்க."

வழக்கமாக நான் ஷூ போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் நடப்பேன். இன்று ஒருங்கிணைப்பாளர் வாசலிலேயே சொல்லிவிட்டார், "செருப்பே போட்டுக்குங்க மேடம், சத்தம் வரட்டும்." ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. செருப்புச் சத்தத்தை வைத்து நான் எத்தனை போர்டு தள்ளி இருக்கிறேன் என்று அவர்கள் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். நான் ஒரு போர்டில் வழக்கத்தைவிட அதிகமாக நின்றால் அடுத்த மூன்று பேரும் லேசாகப் புன்னகைப்பார்கள். நான் திணறுகிறேன் என்று தெரிந்துவிட்டது.

பவானியில் அந்தப் பையனிடம் கையின்மேல் உட்கார்ந்துகொள் என்று சொன்னேன் அல்லவா. இங்கே அந்தப் பேச்சே எடுபடாது. நான் அந்தப் பக்கம் போனதும் பன்னிரண்டு ஜோடிக் கைகளும் போர்டின் மேல் இறங்கும். அவசரமே இல்லை. ராஜாவிலிருந்து ஆரம்பித்து, தன் சிப்பாய் வரிசை முழுவதும் தடவி, என் பிஷப் எந்த மூலைவிட்டத்தில் இருக்கிறது என்று அந்தக் கோட்டிலேயே விரலை ஓட்டி, அது எங்கே போய் முட்டுகிறது என்று பார்க்கும். எட்டாவது போர்டில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், என் ராணி போகக்கூடிய வழி ஒவ்வொன்றிலும் விரலை நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எதிர்வரிசையில் நின்று என் நகர்வை மறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இத்தனை வருடமாக வகுப்பில் "எதிராளியின் காய் எங்கெல்லாம் போகும் என்று முதலில் பார்" என்று சொல்கிறேனே, அந்தப் பார்வையை இன்றுதான் கண்ணால் பார்த்தேன். அவன் என் ராணிக்கு வழி ஒவ்வொன்றாக அடைத்து, 31ஆவது நகர்வில் பிடித்தும்விட்டான்.

9 வெற்றி, 2 டிரா, 1 தோல்வி. முடிந்ததும் அவன் கேட்டான். "மிஸ், நீங்களும் போர்டு பாக்காம ஆடுவீங்களா?" ஒரு ஆட்டம் என்றால் ஆடுவேன் என்றேன். 1947இல் நஜ்தோர்ஃப் 45 போர்டும், 2016இல் கரேயேவ் 48 போர்டும் பார்க்காமல் ஆடியதைச் சொன்னேன், அவனுக்கு அந்த எண்கள் முன்பே தெரிந்திருந்தன. சரி, ஒன்று ஆடலாம் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். 19ஆவது நகர்வில் அவனுடைய குதிரை எங்கே நிற்கிறது என்று எனக்குக் குழம்பிவிட்டது. அவன் அவசரப்படுத்தவில்லை. "யோசிங்க மிஸ், நான் வேணா ஒரு சுத்து நடந்துட்டு வரட்டுங்களா?" என்றான். தாராபுரத்துப் பெண்ணை இவனுக்குத் தெரியாது.

நடந்துவிட்டு வா என்றேன். சுவரோரமாகப் போய் வந்தான். அதற்குள் குதிரை ஃபெலிக்ஸ் 6இல் என்று நினைவுக்கு வந்துவிட்டது.

இப்போது வேனில் ஈரோடு திரும்பிக்கொண்டிருக்கிறோம், பெருந்துறை வரப்போகிறது. பி.டி. மாஸ்டர் அனுப்பிய இன்றைய பதில்கள் 21. குதிரைப் பெண் என் யானையை மிரட்டியிருக்கிறாள். பொள்ளாச்சிப் பேத்தி, "அப்பாரு ராத்திரி பூரா யோசிச்சாருங்க, பிஷப்பு ஒரு கட்டம் பின்னாலயாமா" என்று குரல் அனுப்பியிருக்கிறாள். அதற்கு மட்டும் இன்றைக்குப் பதில் போடவில்லை, நாளைக்குக் காலையில் போடுகிறேன்.